பதக்கம் திறக்காத கதவு: கோரேகான் தூண் சொல்லும் வரலாறு

1818 ஜனவரி 1. புனேவுக்கு வடகிழக்கே, பீமா ஆற்றங்கரையில் கோரேகான் என்ற கிராமம். சிரூரிலிருந்து இரவெல்லாம் நடந்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அங்கே பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் பெரும்படையை எதிர்கொண்டது. கேப்டன் ஸ்டாண்டனின் கீழ் இருந்தவர்கள் பம்பாய்க் காலாட்படையினர் சுமார் 500 பேர், குதிரை வீரர்கள் சிலர், மதராஸ் பீரங்கிப் படையின் இரண்டு பீரங்கிகள். ஆறு பக்கத்திலேயே ஓடியது. குடிக்கத் தண்ணீர் எடுக்க வழியில்லை. அந்தத் தாகத்தோடு இரவு வரை ஊரை விடாமல் காத்தார்கள். இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் என இழப்பு 275.

1821இல் கம்பெனி அங்கே நினைவுத்தூணுக்கு அடிக்கல் நாட்டியது. அதில் பொறிக்கப்பட்ட, உயிர்நீத்தோரின் 49 பெயர்களில் 22 பெயர்கள் 'நாக்' என்று முடிகின்றன. அவை மகார்களின் பெயர்கள். ஊர்க் கிணற்றைத் தொட அனுமதிக்கப்படாத மக்களின் பெயர்கள் கல்லில் ஏறின.

பதக்கம் வந்தது 1851இல். 1803 முதல் 1826 வரை நடந்த போர்களுக்கான இந்தியப் படைப் பதக்கம் அது. கோரேகானுக்கென்று அதில் தனிப்பட்டை உண்டு. ஆனால் 33 ஆண்டுகள் கழித்தும் உயிரோடு இருந்தவர்களுக்குத்தான் அது. களத்தில் இருபது வயதில் நின்றவனுக்கு அப்போது ஐம்பத்து மூன்று வயது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் படையில் மகார்கள் மட்டும் இல்லை. மராத்தியரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். பேஷ்வா படையிலும் அராபியர் உட்படப் பலர் இருந்தார்கள். கம்பெனி போரிட்டது தன் ஆதிக்கத்துக்காக. சாதியை ஒழிக்க அல்ல. அதற்கான சான்று பின்னால் வந்தது. 'போர்க்குடிகள்' என்ற கொள்கையைச் சொல்லி, 1890களின் தொடக்கத்தில் மகார்களுக்குப் படையின் கதவை ஆங்கில அரசே மூடியது. ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வாலங்கர் 1894இல் மனு எழுதினார். 1910இல் சிவ்ராம் ஜன்பா காம்ப்ளே மனு அனுப்பினார். முதல் உலகப்போரில் ஆள் தேவைப்பட்டதும் 1917இல் மகார் படை உருவானது. போர் முடிந்ததும் 1921இல் கலைக்கப்பட்டது. தூண் நின்றது, பதக்கம் இருந்தது, கதவு மட்டும் திறக்கவில்லை.

சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் 1927 ஜனவரி 1 அன்று அந்தத் தூணருகே சென்றார். கம்பெனியின் வெற்றிச் சின்னமாக இருந்த கல், அன்று முதல் தன் மக்களின் ஆற்றலுக்குச் சாட்சியாயிற்று. மூன்று மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 20 அன்று மகாத் நகரின் சவுதார் குளத்தில் இறங்கி அவர் நீர் அருந்தினார். ஓய்வுபெற்ற மகார் படையினர் நிறைய வாழ்ந்த கொங்கணப் பகுதி அது.

கோரேகானில் தாகத்தோடு போரிட்டவர்களுக்கு அரசு தந்தது பதக்கம். மகாதில் நம் மக்கள் கேட்டது தண்ணீர். மாணவத் தோழர்களே, நம் முன்னோரின் வீரத்தைப் பேசும்போது பதக்கத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அதை வாங்கியவர் ஊர் திரும்பியபோது எந்தக் கிணற்றில் அவருக்குத் தண்ணீர் கிடைத்தது என்றும் கேளுங்கள். நம் வரலாறு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.