மீன்வலைப் பாதுகாப்பு (யாழ்ப்பாணக் குடாநாடு)

மீன்வலை நூலை அழுகல், வெப்பம், வெயில், ஒட்சியேற்றம் ஆகியவற்றிலிருந்து காக்கும் முறைகள். பருத்தி வலைக்கு நுண்ணுயிர் பகை. நைலோனுக்கு வெயிலும் காற்றும் பகை. குடாநாட்டுக் கரையில் வலை காத்த முறைகள் மாறியது இந்தப் பகை மாறியதால்தான்.

பருத்தி வலை ஓயாமல் நனைந்து விரைவில் இற்றுப்போகும். ஆகவே பனிச்சங்காயை இடித்து ஊறவைத்த சாற்றிலோ மரப்பட்டை அவித்த நீரிலோ வலையைத் தோய்த்து உலர்த்தினர். நூல் கறுத்து விறைக்கும். அதில் படியும் தனின் பற்றீரியாவைத் தடுக்கும். கடல் நீர் அதைக் கழுவிவிடுவதால் தோய்க்கும் வேலை முடிந்ததேயில்லை.

1950களுக்குப் பின் நைலோன் பரவியது. காரைநகரில் நோர்வே உதவியுடன் 1960களின் பிற்பகுதியில் உருவான சீநோர் நிறுவனம், கண்ணாடியிழைப் படகுகளோடு குருநகரில் வலைத் தொழிற்சாலையையும் நடத்தியது. நைலோன் அழுகாது, சாயத்தொட்டிக்கு வேலை இல்லாமற் போனது.

ஆனால் நைலோன் 6ஐ நூலாக்க உருக்குவதற்கே சுமார் 220 பாகை செல்சியசு வேண்டும். அந்தச் சூட்டிலும், பிறகு வெயிலிலும், மூலக்கூற்றுச் சங்கிலியிலிருந்து ஓர் ஐதரசன் கழன்றால் அவ்விடத்தில் ஒட்சிசன் ஏறும். அது அடுத்த சங்கிலியின் ஐதரசனைப் பறிக்கும். இப்படியே தொடர்ந்து சங்கிலிகள் அறுபடும். பிளாத்திக்கில் கலக்கும் பீனோல் வகைத் தடுப்பி தன் ஐதரசனைக் கொடுத்து இத்தொடரை நிறுத்துகிறது. நைலோனுக்குச் செப்பு உப்புகளும் உதவும். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் லிங்கன் ஹாக்கின்சும் வின்சென்ட் லான்சாவும் தொலைபேசி வடத்தின் பொலித்தீன் உறைக்கு இத்தகைய தடுப்பிகளை உருவாக்கினர். 1954இல் வேதியியலாளர் நாட்டா ஆக்கிய பொலிபுரொப்பிலீன், தடுப்பி இல்லாவிட்டால் சந்தையை எட்டியிராது.

தனினும் பீனோல் குடும்பத்ததே. அதை வைத்துக்கொண்டு, முன்னோர் ஒட்சியேற்றத்தை அறிந்திருந்தார்கள் என்பது மிகை. அவர்கள் கண்டது அழுகலை மட்டுமே.

தடுப்பி தன்னைச் செலவழித்தே காக்கும். அளவு பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. புறவூதாக் கதிருக்கு வேறு நிலைப்படுத்திகள் தேவை. அவற்றுள் அமைன் வகை 1970களில் பரவியது. கடல்நீரேரியில் நட்டுவைக்கும் களங்கண்டி வலையில் நீருக்கு மேல் நிற்கும் விளிம்புதான் முதலில் வெளிறும். நகத்தால் சுரண்டினால் தூளாய் உதிரும். கீழே நீரில் கிடக்கும் பகுதி அப்போதும் இழுவைக்குத் தாங்கும். கரையேறிய வலையைக் கிடுகால் மூடினால் வெயிலும் சூடும் குறையும், உள்ளிருக்கும் தடுப்பியும் மெதுவாகவே தீரும்.