அளந்து வைத்த இடைவெளி

எண்ணெய்க் கிணறுகளில் வீணாக எரிந்துகொண்டிருந்த வாயுவைக் குழாயில் பிடித்துத் தொழிலாக்க நினைத்த சவூதி அரசு, 1975-ல் ஜுபைல், யான்பு என்ற இரண்டு ஊர்களுக்குமாக ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. மீன்பிடி ஊராக இருந்த ஜுபைலில் ஆலைகளுக்கு முன்பே வரைபடம் வந்துவிட்டது. ஆலைகள் எந்தப் பக்கம், அவற்றைக் குளிர்விக்கும் கடல்நீர்க் கால்வாய் எந்த வழி, குடும்பங்கள் வாழும் தெருக்கள் எவ்வளவு தள்ளி என்று கோடு போட்ட பிறகுதான் கம்பி கட்டினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் வெல்டராகவும் பிட்டராகவும் போய் உழைத்த ஊர் அது. அவர்களுக்கு வாய்த்தது அந்தத் தெருக்கள் அல்ல, கேம்ப் அறைகள்தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சிவகாசிக்கு யாரும் அப்படி வரைபடம் போட்டுத் தரவில்லை. மழை பொய்த்த கரிசல் பூமியிலிருந்து 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். விவசாயத்தைக் கெடுத்த அதே வெயில் குச்சியையும் மருந்தையும் காயவைத்தது. தீப்பெட்டியைத் தொட்டுப் பட்டாசு, லேபிள் தேவையைத் தொட்டு அச்சகம் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. அரசாங்கப் பணம் இல்லாமல் வளர்ந்த தொழில் நகரம் என்று சிவகாசிக்காரர்கள் பெருமைப்படுவதில் தவறே இல்லை.

ஆனால் ஊருக்கு இல்லாத திட்டம் பட்டாசு ஆலைக்கு உண்டு. 1940-ம் ஆண்டு வெடிபொருள் விதிகளில் தொடங்கி, இன்று நடைமுறையில் உள்ள 2008-ம் ஆண்டு விதிகள் வரை அந்தத் திட்டம்தான் அடிப்படை. மற்ற ஆலைகளைப் போலப் பட்டாசு ஆலை ஒரே கட்டடமாக இருக்காது. பொட்டலில் தள்ளித் தள்ளிச் சின்னச் சின்ன அறைகள் நிற்கும். அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று கணக்கு உண்டு. கதவு வெளிப்புறம் திறக்க வேண்டும். மணி மணியாக உருட்டிய வெடிமருந்தான மணி மருந்தை அள்ளும்போது ஓர் உராய்வு போதும், தீப்பிடித்துவிடும். அப்படிப் பிடித்தாலும் அந்த அறையோடு நின்றுபோக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். ஜுபைல் ஒரு நகரம் முழுக்கப் போட்ட கணக்கை, இங்கே சில ஏக்கருக்குள் போட்டிருக்கிறார்கள்.

2021 பிப்ரவரி 12 அன்று, ஏழாயிரம்பண்ணை பக்கத்தில் உள்ள அச்சங்குளத்தில் இந்தக் கணக்கு உடைந்தது. ஃபேன்சி ரகப் பட்டாசு தயாரித்த ஆலையில் மதிய நேரத்தில் நேர்ந்த வெடிப்பு ஓர் அறையோடு நிற்கவில்லை. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விசாரணையில் வெளிவந்தது உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகள் பல கைகளுக்கு வாடகைக்குப் போயிருந்தன.

உராய்வைவிட உள்குத்தகையைத்தான் நான் முதல் காரணமாகச் சொல்வேன். நாலைந்து அறைகளை எடுத்தவருக்குத் தீபாவளிக்கோ திருவிழாவுக்கோ ஆர்டர் முடிய வேண்டும், கொடுத்த வாடகையையும் எடுக்க வேண்டும். அறைக்குள் ஆள் கூடும், மருந்து கூடும், இடமில்லாவிட்டால் வேலை மரத்தடிக்கு வரும். அறைகளுக்கு நடுவே அளந்து வைத்த இடைவெளி தரையில் அப்படியே இருந்தும் பயன் இல்லாமல் போகும். பக்கத்து அறையில் என்ன மருந்து, எத்தனை பேர் என்று கேட்கும் பொறுப்பு யாரிடமும் இருக்காது. 2012-ல் முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிப்பில் அவ்வளவு உயிர்கள் போன பிறகும் இதே வழக்கம் தொடர்ந்தது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

அச்சங்குளம் விபத்தைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. ஓய்வுபெற்ற நீதிபதி கே.கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ரூ.20 லட்சம் இழப்பீடு வழங்கவும் உத்தரவிட்டது. இனி இப்படி நேராமல் இருக்க, உரிமக் கட்டு ஆலை அலுவலகத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதோடு சோதனை முடிந்துவிடக் கூடாது. அந்த அறையில் அன்று கூலி கொடுப்பவர் யார் என்று கேட்க வேண்டும். உள்ளே உட்கார்ந்து திரி சொருகுகிற பெண்ணுக்கே அது தெரியும்.