கடல் எலியும் ஓர் ஆயரும்

திங்கட்கிழமைகளில் எங்கள் ரெஸ்ரோரன்ட் பூட்டு. போன நவம்பரில் அப்படியொரு திங்களன்று, குசினியில் எங்களோடு நிற்கும் நோர்வேஜியப் பெடியன் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு துரொண்ட்ஹைமிலிருந்து வடக்கே ஸ்கார்ன்சுந்த் நீரிணைக்குப் போனான். அவன் சுழியோடி. அவனும் அவனது கூட்டாளியும் நீருக்குள் இறங்க, நாங்கள் தேநீர்ப் போத்தலோடு கரையில் விறைத்துக்கொண்டு நின்றோம். மேலே 1991இல் திறக்கப்பட்ட பெரிய பாலம். கீழே கறுத்த தண்ணீர். நீரோட்டம் தணிகிற கொஞ்ச நேரத்துக்குள் போய் வந்துவிட வேண்டும். ஏறி வந்தவன் உதடு நீலம்பாரித்திருக்க, கமராவின் சின்னத் திரையைக் காட்டினான்.

பெரிய பச்சைக் கண்கள். முயலின் முகம். செதில் இல்லாத தோல். முதுகுச் செட்டையின் முன்னால் நச்சு முள். உடல் மெலிந்து மெலிந்து எலிவாலாக முடிகிறது. லின்னேயஸ் 1758இல் இதற்குக் கிமேரா மொன்ஸ்ட்ரோசா என்று கிரேக்கப் புராணத்து அரக்கியின் பெயரை வைத்தார். நோர்வே மீனவர்களுக்கு அது வெறும் ஹாவ்மூஸ், கடல் எலி. அடுத்த படத்தில் இளஞ்சிவப்பில் ஆள் உயரத்துக்குக் கிளைவிட்டு நின்ற ஒரு மரம். அதுவும் உயிரிதான்; மென்பவளம். மீனவர்கள் அதைக் கடல்மரம் என்கிறார்கள்.

இவை சாதாரணமாகச் சுழியோடிகள் எட்டும் ஆழத்தில் இருப்பவையல்ல. கடல் எலி பொதுவாக 300 மீற்றருக்குக் கீழே திரிவது. துரொண்ட்ஹைம் ஃபியோர்ட்டின் ஆழம் 617 மீற்றர் வரை போகிறது. ஆறுகள் கொண்டுவரும் கலங்கிய நன்னீர் மேலே படலமாகப் பரவி வெளிச்சத்தை மறிக்கிறது. அதன் கீழே உப்புநீர், கோடையிலும் குளிர். ஒடுங்கிய இடங்களில் நீரோட்டம் இரையை அள்ளிக்கொண்டு வருகிறது. ஆழ்கடல் உயிர்களுக்கு வேறென்ன வேண்டும்? இருட்டும் குளிரும் சாப்பாடும் கிடைத்த இடத்தில் மேலே ஏறி வந்து குடியிருந்துவிட்டன.

இவற்றை முதலில் கண்டவர் யார் என்ற கேள்வி அன்றே எங்களுக்குள் எழுந்தது. நாங்கள் பாதியில் விட்டுவந்த விலங்கியல் பாடத்தில் லின்னேயஸ் இருந்தார். யொகான் ஏர்ன்ஸ்ட் குன்னெருஸ் இருக்கவில்லை. 1758இல் துரொண்ட்ஹைமின் ஆயராக வந்தவர் அவர். வந்ததும் தன் மறைமாவட்டக் குருமாருக்குச் சுற்றுமடல் எழுதி, இயற்கைப் பொருட்களைச் சேகரிக்கும்படி தூண்டினார். 1760இல் இன்னும் இருவரோடு சேர்ந்து ஓர் அறிஞர் சங்கத்தை நிறுவினார். அது இன்றும் இயங்குகிறது. அதன் வெளியீடுகளில் 1763இல் ஒரு கொம்புப் பவளத்தையும், 1765இல் பெருஞ்சுறா ஒன்றையும், 1768இல் நோர்வேயின் முருகைக்கற்களையும் பற்றி எழுதினார். அந்தக் கொம்புப் பவளம் அவருக்கு ரெசீடா என்ற பூச்செடியை நினைவூட்டியது. இன்றைய நோர்வேஜியர் அதை 'அரிசிமணிப் பவளம்' என்கிறார்கள். நெல் விளையாத நாட்டில் இந்தப் பெயர்! நாளுக்கு ஒரு மூடை அரிசி கழுவும் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

லின்னேயஸ் ஒரு செடிக்குக் குன்னெரா என்று பெயர் சூட்டினார். 2006இல் கட்டிய பல்கலைக்கழக ஆய்வுக் கப்பலும் குன்னெருஸ்தான். நல்லது, தகுதியான மனிதர். ஆனால் ஆயருக்குக் கிடைத்தவை பெரும்பாலும் செத்துக் காய்ந்தவை. அவற்றைத் தூண்டிற் கயிற்றிலும் வலையிலும் மேலே இழுத்தவர்கள், எந்த மேட்டில் சிக்கும் என்று அறிந்திருந்தவர்கள், எந்தக் கப்பலிலும் பெயராக இல்லை.

இது பழங்கதை மட்டுமல்ல. நோர்வேயின் குளிர்நீர் முருகைப் பாறைகளுக்குச் சூரிய ஒளி தேவையில்லை. ஆண்டுக்குச் சில மில்லிமீற்றர் முதல் இரண்டரை சென்ரிமீற்றர் வரைதான் வளரும். எண்ணாயிரம் ஆண்டு பழைமையான பாறைகளும் உண்டு. அங்கே செம்மீன் கூடும் என்பது தூண்டில்காரர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். கடலடியை உரசிச் செல்லும் றோலர்கள் வந்தபின், வலையில் உடைந்த முருகைக்கல் வருகிறது, மீன் குறைகிறது என்று முறையிட்டவர்களும் அவர்களே. (றோலர் என்றால் என்னவென்று வடமராட்சிக் கரையார் எவருக்கும் நாங்கள் விளக்கத் தேவையில்லை.) பேர்கன் கடலாராய்ச்சி நிலையத்தார் கமராவை ஆழத்துக்கு இறக்கிப் பார்த்தார்கள். முப்பது முதல் ஐம்பது வீதமான பாறைகள் சிதைந்தோ பாதிக்கப்பட்டோ இருக்கலாம் என்று 2002இல் எழுதினார்கள். 1999இலேயே, தெரிந்தே முருகைப் பாறைகளை அழிப்பதைத் தடைசெய்யும் விதி வந்தது. இதே ஃபியோர்ட்டில் தௌத்ரா தீவையொட்டிய மேட்டில், ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்திலேயே உயிருள்ள பாறை இருக்கிறது. அந்த இனம் பாறையாகவே இவ்வளவு மேலே வளர்ந்திருப்பது உலகில் வேறெங்கும் அறியப்படவில்லை. அந்த மேடு 2013இல் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியானது. முறைப்பாட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் உடைந்தவை திரும்ப வளர எத்தனை நூற்றாண்டு ஆகும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

அன்று பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் எங்களைக் கண்டு கிட்ட வந்தார். திரையிலிருந்த மரத்தை எட்டிப் பார்த்தார். தன் தகப்பனின் கயிறுகள் எத்தனையோ தடவை இதில் சிக்கி அறுந்ததாகவும், ஒருமுறை கொப்பொன்று முறிந்து வந்ததாகவும், தாய் அதைக் கனகாலம் யன்னலில் வைத்திருந்ததாகவும் சொன்னார். நீருக்குள் நிற்கும்போது அது எப்படியிருக்கும் என்று அவர் அதுவரை கண்டதில்லை. இன்னொருமுறை காட்டச் சொன்னார். பெடியன் நடுங்கும் விரலால் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினான்.