பகிர்வலைகளின் விரைவு: தோட்டப்புற நோக்கில் ஒரு வரலாறு

நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்க்கு, ஒரு பொருளைப் பலர் பகிர்ந்து நுகர்தல் புதிய பழக்கமன்று. 1924ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் தோன்றிய 'தமிழ் நேசன்' நாளேட்டின் ஒரு படி தோட்டத்திற்குள் வந்து சேருமாயின், லயத்து அஞ்சடியில் எழுத்தறிந்த ஒருவர் வாய்விட்டுப் படிக்க, மற்றையோர் சூழ்ந்திருந்து கேட்பர். பின்னர் அவ்வேடு அடுத்த லயத்திற்குக் கைமாறும். செய்தி பரவும் விரைவு, அச்சிட்ட படிகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. பெற்றவர் அதனை எத்துணை விரைவாகப் பிறர்க்குக் கொடுத்தார் என்பதையே பொறுத்ததாகும். இவ்வெளிய உண்மையைக் கணினியறிஞர்கள் கண்டுணர்ந்து கருவியாக்க, இருபதாம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

கணினி வலையில் கோப்புகளைப் பெறும் பழைய முறை, தோட்டத்துப் பால் நிறுவையை ஒத்தது. வெட்டுக்காடுகள் பரந்து கிடந்தாலும், பாலை நிறுக்கும் கொட்டகை ஒன்றே. வாளிகளைச் சுமந்து வந்த அனைவரும் அதன் முன் வரிசையில் நிற்க வேண்டும். ஆள் கூடக் கூட, காத்திருக்கும் நேரமும் கூடும். அவ்வாறே வழங்கி எனப்படும் ஒரு தலைமைக் கணினியிடம் ஆயிரம் பேர் ஒரே கோப்பைக் கேட்பாராயின், அதன் ஆற்றல் ஆயிரம் கூறாகிவிடும். விரும்புவோர் மிகுதியான பொருளே மிக மெதுவாகக் கிடைக்கும் என்னும் முரண் இம்முறையின் பிறவிக் குறையாகும்.

மலேசியாவில் 1992இல் மிமோஸ் நிறுவனம் ஜாரிங் இணையச் சேவையைத் தொடங்கியது. 1996இல் டெலிகோம் நிறுவனத்தின் டிஎம்நெட் வந்தது. அக்காலத்துத் தொலைபேசி மோடம் மிகச் சிறந்த நிலையிலும் நொடிக்கு 56 கிலோபிட், அதாவது 7 கிலோபைட் அளவே பெறும். ஒரு குறுவட்டின் கொள்ளளவான 700 மெகாபைட் கோப்பை அவ்வழியே இறக்க வேண்டுமாயின், இடையறாது 28 மணி நேரத்திற்கும் மேல் பிடிக்கும். தொலைபேசிக் கட்டணமோ நேரத்தைக் கணக்கிட்டு ஏறிக்கொண்டே செல்லும். எனவே தோட்டத்து இளைஞர், சிரம்பான், பகாவ், போர்ட்டிக்சன் போன்ற பட்டணங்களின் இணைய மையங்களை நாடியதில் வியப்பில்லை.

1999ஆம் ஆண்டு அமெரிக்க மாணவர் ஷான் ஃபானிங் வெளியிட்ட நாப்ஸ்டர், நிறுவைக் கொட்டகையைத் தாண்டும் முதற் பெருமுயற்சி ஆயிற்று. யாரிடம் எப்பாடல் உள்ளது என்னும் பட்டியல் மட்டும் தலைமைக் கணினியில் இருந்தது. பாடல் ஒருவர் கணினியிலிருந்து மற்றொருவர் கணினிக்கு நேராகச் சென்றது. பதிப்புரிமை வழக்கில் தோற்று, 2001 ஜூலையில் அச்சேவை நின்றது. பட்டியல் ஓரிடத்தில் இருந்தமையால், அவ்விடத்தை மூடியதும் வலை முழுவதும் வீழ்ந்தது. 2000 மார்ச்சில் வெளிவந்த நூட்டெல்லாவுக்குத் தலைமைப் பட்டியலே இல்லை. ஒவ்வொரு கணினியும் தன் அண்டைக் கணினிகளைக் கேட்க, அவை தத்தம் அண்டையைக் கேட்க, வினா வலையெங்கும் பரவும். ஆயினும் விரைவு பிறக்கவில்லை. ஏன்?

அவ்வினாவுக்கு அதே ஆண்டில் விடை கிடைத்தது. ஸெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தைச் சேர்ந்த ஈத்தான் அடார், பெர்னார்டோ ஹூபர்மன் ஆகிய இருவரும் நூட்டெல்லாவை ஆராய்ந்து, அதனைப் பயன்படுத்துவோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் ஒரு கோப்பையேனும் பிறர்க்குத் தருவதில்லை எனக் கண்டனர். மறுமொழிகளில் ஏறக்குறையப் பாதியை நூற்றுக்கு ஒருவரே சுமந்தனர். பெயரளவில் அது பகிர்வலை. உண்மையில் ஒருசிலர் கொட்டகை நடத்த, ஏனையோர் வாளியுடன் நின்றனர். இவ்வாறு பெற மட்டுமே வருவோரை ஆங்கிலத்தில் அட்டையின் பெயரால் இகழ்வர். மழைக்காலத்தில் ஈரக் காட்டில் கால் வைத்தோர்க்கு அப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை.

இக்குறையை அறவுரையால் நீக்க முயலாது, கணக்கால் நீக்க முயன்றவர் பிராம் கோஹன் என்னும் அமெரிக்க நிரலர். 2001 ஜூலையில் அவர் வெளியிட்ட பிட்டோரண்ட் முறையின் உயிர்நாடி இரண்டு. முதலாவது, கோப்பைச் சிறு துண்டுகளாகப் பகுத்தல். 700 மெகாபைட் கோப்பை 256 கிலோபைட் அளவில் பகுத்தால் 2800 துண்டுகள் கிடைக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சரிபார்ப்பு முத்திரை உண்டாதலால், பழுதானது ஏற்கப்படாது. முழுக் கோப்பையும் பெற்ற பின்னரே பிறர்க்குக் கொடுக்க முடியும் என்னும் நிலை மாறி, ஒரு துண்டைப் பெற்றவரும் அக்கணமே கொடுப்பவராகிறார். ஒரு படியை ஒருவரே நூறு பேர்க்குக் கொடுத்தால் நூறு முறை கொடுக்க வேண்டும். பெற்றவரெல்லாம் கொடுக்கத் தொடங்கினால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏழே சுற்றில் 128 பேரிடம் சேர்ந்துவிடும். அன்றியும், வலையில் எத்துண்டு அரிதோ அதனையே முதலில் கேட்குமாறு கோஹன் விதித்தார். எளிதில் கிடைப்பதை எல்லாரும் வைத்துக்கொண்டு, அரியதை ஒருவரே வைத்திருந்து, அவர் கணினியை அணைத்துச் செல்வாராயின் கோப்பு ஊனமாகிவிடும் அன்றோ?

இரண்டாவது, கொடுப்பவர்க்கே கொடுத்தல். ஒவ்வொரு கணினியும் தனக்கு மிகுதியாகத் தரும் சிலர்க்கு, பொதுவாக நால்வர்க்கு, மட்டுமே தன் பதிவேற்ற வழியைத் திறக்கும். பத்து நொடிக்கு ஒருமுறை இக்கணக்கைச் சரிபார்க்கும். இவ்வளவோடு நின்றிருப்பின், புதிதாக வருபவர் கொடுப்பதற்கு ஏதுமின்றி வாயிலிலேயே நிற்க நேரும். அதற்காக முப்பது நொடிக்கு ஒருமுறை, முன்பின் அறியாத ஒருவர்க்கும் கைம்மாறு கருதாது வழி திறக்கப்படும். கண்டிப்பும் ஈகையும் இங்ஙனம் அளவறிந்து கலந்தமையே இம்முறையின் வெற்றிக்குக் காரணம் எனலாம். விரும்புவோர் பெருகப் பெருக விரைவு குறையும் என்னும் பழைய விதி தலைகீழாயிற்று. கூட்டம் கூடக் கூட, கோப்பு விரைந்து வரலாயிற்று.

பிட்டோரண்ட் பிறந்த அதே 2001ஆம் ஆண்டில்தான் மலேசியாவில் ஸ்ட்ரீமிக்ஸ் என்னும் அகண்ட அலைவரிசைச் சேவை அறிமுகமாயிற்று. அது செப்புத் தொலைபேசிக் கம்பியின் வழியே சென்றது. இங்குதான் தோட்டப்புறத்தின் இடர் தொடங்குகிறது. இத்தொழில்நுட்பம் தொலைபேசி இணைப்பகத்திலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்குள் மட்டுமே செவ்வனே இயங்கும். தொலைவு மிக மிக, குறியலை தேய்ந்துவிடும். லின்சம், சுவா பெத்தோங், பிராட்வால், செம்போங் எனத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் இன்றும் நிலைத்திருக்கும் தோட்டங்கள், இணைப்பகங்களை எண்ணி அமைந்தவை அல்ல. மரத்தையும் ஆற்றையும் எண்ணி அமைந்தவை. மேலும், தோட்டம் தனியார் நிலம். கிராமத்திற்கு அரசு செய்யும் வசதி, தோட்டத்து வாயிலில் வந்து தயங்கி நிற்கும் வரலாறு சாலை, மின்சாரம், குடிநீர் ஆகிய அனைத்திற்கும் பொதுவானதே.

இணைப்புக் கிடைத்தோர்க்கும் வேறொரு தடை இருந்தது. அக்கம்பியில் இறங்கும் வழி அகலம், ஏறும் வழி குறுகல். நொடிக்கு 512 கிலோபிட் இறக்கம் உள்ள இணைப்பில், மேற்சொன்ன 700 மெகாபைட் கோப்பு மூன்று மணி நேரத்தில் இறங்கலாம் என்பது கணக்கு. பிட்டோரண்ட் உலகிலோ, கொடுப்பதற்கு ஏற்பவே பெற முடியும். பதிவேற்றம் குறுகலாயின் பதிவிறக்கமும் குன்றும். இதனையறிந்த சிலர், பதிவேற்றத்தை முழுவதும் திறந்துவிட்டனர்; விரைவு கூடுவதற்கு மாறாக அடியோடு வீழ்ந்தது. இதற்குக் காரணம் உண்டு. ஒரு துண்டு வந்து சேர்ந்தது என்னும் ஒப்புகைச் செய்தியும் அதே குறுகிய ஏறுவழியில்தான் செல்ல வேண்டும். ஏறுவழி நிறைந்து நெரிந்தால் ஒப்புகை தாமதமாகும். ஒப்புகை வராமையால் அனுப்புவோர் கையைச் சுருக்கிக்கொள்வர். ஆகவே, பதிவேற்றத்தை இணைப்பின் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்களவில் நிறுத்துவதே தக்கதென அனுபவம் கற்பித்தது. அறவே மூடினாலும் கேடு. முற்றும் திறந்தாலும் கேடு. 2012இல் இணையப் பொறியியல் பணிக்குழு வெளியிட்ட நெறியொன்று, வழி நெரியத் தொடங்கும்போது பகிர்வலை தானே ஒதுங்கி நிற்பதற்கு வகை செய்தது.

மற்றொரு சீர்திருத்தம் வாயிலைப் பற்றியது. வீட்டுத் திசைவி, வெளியிலிருந்து வரும் அழைப்பைத் தடுத்து நிறுத்தும் இயல்புடையது. அதில் ஒரு வாயிலைப் பகிர்வலைக்கெனத் திறந்துவைத்தால், பிறர் தாமே வந்து இணைய முடியும்; நண்பர் வட்டம் விரியும்; விரைவும் கூடும். இவை மெய்யான வழிகள். இவற்றோடு பொய்யான வழிகளும் மலிந்தன. 2004இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு வந்த இரண்டாம் திருத்தத் தொகுப்பு, முற்றுப்பெறாத இணைப்புகளை ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் அனுமதிக்கவில்லை. அவ்வரம்பை நீக்கும் சிறு நிரல்கள் மந்திரித்த தாயத்துப் போலக் கைமாறின. விரைவு கூட்டித் தருவதாகச் சொல்லி நச்சுநிரலைப் புகுத்தியவையும் பல. கணினி மெதுவாயிற்றேயன்றிக் கோப்பு விரைந்து வரவில்லை.

2006 டிசம்பர் 26ஆம் நாள் தைவானுக்கு அருகே நேர்ந்த நிலநடுக்கத்தில் கடலடிக் கம்பிகள் பல அறுந்தன. மலேசியாவிலும் இணையம் நாட்கணக்கில் தளர்ந்தது. அத்தகைய வேளையில் பகிர்வலையின் ஒரு பண்பு தெளிவாகும். வேண்டிய துண்டு உள்நாட்டில் ஒருவரிடம் இருக்குமாயின், அது கடல் கடந்து வர வேண்டியதில்லை. அண்டையில் கொடுப்பவர் இருத்தலே உண்மையான விரைவு.

பகிர்வலையில் ஓடியவற்றுள் பெரும்பகுதி உரிமையின்றிப் படியெடுத்த திரைப்படமும் பாடலுமே என்பதை மறைத்தல் வரலாறாகாது. 2011 ஜூனில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம், பைரேட் பே உட்படப் பத்துத் தளங்களைத் தடைசெய்யப் பணித்தது. 2012இல் பதிப்புரிமைச் சட்டமும் திருத்தப்பெற்றது. படைப்பாளியின் உழைப்பைக் கவர்வதை ஏற்க இயலாது. ஆயினும், கருவியையும் களவையும் ஒன்றாகக் கருதியமையால், தமிழுலகம் அக்கருவியின் நற்பயனைப் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை.

நற்பயனுக்குச் சான்று தமிழிலேயே உண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கியது. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்ய, வேறு சிலர் மெய்ப்புப் பார்க்க, நூல்கள் மின்வடிவம் பெற்று எவர்க்கும் விலையின்றிக் கிடைத்தன. பிட்டோரண்டுக்கு மூன்றாண்டு முன்னரே, கூறு கூறாகப் பகுத்துக் கூடி முடிக்கும் நெறியைத் தமிழர் மேற்கொண்டனர். இம்முயற்சிகள் தழைத்த களத்தில் மலேசியாவுக்கும் பங்குண்டு. முரசு அஞ்சல் செயலியை உருவாக்கிய முத்து நெடுமாறன் மலேசியர். 2001 ஆகஸ்டில் தமிழ் இணைய மாநாடு நிகழ்ந்ததும் கோலாலம்பூரிலேயே. எழுத்துக் கோப்பு சிறியதாதலால், மோடம் வழியேயும் ஓர் இலக்கியம் சில மணித்துளிகளில் வந்துவிடும். பழைய நூலின் பக்கங்களைப் படமாக எடுத்த கோப்புகளே பெரியவை. பகிர்வலை அவற்றுக்கே இன்றியமையாதது.

தோட்டப்புறத்தில் கம்பி எட்டாத இடத்தைக் கைகள் எட்டின. 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் அறிமுகப்படுத்திய விரலி, சில ஆண்டுகளில் மாணவர் கைக்கும் வந்தது. பட்டணத்தில் நிரப்பிய 4 கிகாபைட் விரலியை மோட்டார் சைக்கிளில் அரைமணி நேரத்தில் தோட்டத்திற்குக் கொண்டுசேர்த்தால், அது நொடிக்கு 18 மெகாபிட் விரைவுக்குச் சமம். அதாவது, ஒரு மெகாபிட் ஸ்ட்ரீமிக்ஸ் இணைப்பைப் போல் பதினெட்டு மடங்கு! செம்மண் சடக்கில் ஓடிய அவ்வண்டியை எந்த நிறுவனமும் தன் விளம்பரத்தில் காட்டியதில்லை. 2010களில் கைப்பேசியிலிருந்து கைப்பேசிக்கு, இணையக் கட்டணமின்றி நேரே கோப்பனுப்பும் ஷேர்இட் போன்ற செயலிகள் விரலியின் பணியை மேற்கொண்டன.

2010 மார்ச்சில் யூனிஃபை கண்ணாடியிழைச் சேவை தொடங்கியபோது, அதன் முதல் திட்டங்களில் ஏற்றமும் இறக்கமும் ஒரே அளவினவாக அமைந்தன. பகிர்வலைக்கு அதனினும் உகந்தது வேறில்லை. ஆனால், இழை முதலில் நகரங்களுக்கே சென்றது. 2020இல் ஜெண்டேலா திட்டம் வகுக்கப்பட்டது. 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டு, கைப்பேசிகள் 4ஜிக்கு மாறின. அதற்குள் தோட்டங்களே உருமாறிவிட்டன. செண்டாயான் தோட்டம் இருந்த பகுதியில் இன்று ஒரு நகரம் எழுந்துள்ளது. கைப்பேசி இணைப்பில் பலர் ஒரே பொது முகவரியின் பின்னே நிற்பதால், வாயிலைத் திறக்கும் பழைய உத்தி பெரும்பாலும் பலிப்பதில்லை. பார்த்தவுடன் மறையும் ஓடைவழிக் காட்சிகள் பரவியபின், கோப்பை இறக்கி வைத்துக்கொள்ளும் பழக்கமும் அருகிற்று.

இணைய ஆவணகம் என்னும் அமெரிக்க நூலகம் 2012 ஆகஸ்டில் தன் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்களைப் பிட்டோரண்ட் வழியே வழங்கத் தொடங்கியது. அங்கே தமிழ் நூல்களும் சேர்ந்துள்ளன. முழுக் கோப்பையும் வைத்திருந்து பிறர்க்கு வழங்குவோரை வித்திடுவோர் என்பது பகிர்வலை வழக்கு. கேட்போர் மிகாத நூலுக்கு அவ்வாறு வித்திடுவோர் சேர்வதில்லை. நூலகத்தின் கணினியே தனித்து வழங்க நேரும். அந்நிலையில் எத்துணை அகன்ற இணைப்பு வீட்டில் இருப்பினும், நூல் அந்த ஒரே கணினியின் விரைவில்தான் வந்து சேரும். இரண்டாமவர் ஒருவர் நூலைப் பெற்றபின் தம் கணினியை அணைக்காது ஓரிரவு விட்டுவைப்பாராயின், மூன்றாமவர்க்கு அது விரைந்து இறங்கும்.