காவிரி அணைகள்

குடகு மலையில் தலைக்காவிரியில் தோன்றி, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடிப் பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரியின் மீதும் அதன் துணையாறுகள் மீதும் கட்டப்பட்ட அணைகள். இவற்றுள் மிகப் பழையது கல்லணை. மிகப் பெரிய நீர்த்தேக்கம் மேட்டூர். அணை என்றதும் நீரைத் தேக்கி நிற்கும் பெருஞ்சுவர்தான் இன்று நம் நினைவுக்கு வருகிறது. 20ஆம் நூற்றாண்டு வரை காவிரியின் முதன்மை ஓட்டத்தில் அத்தகைய பெரிய தேக்கம் எதுவும் இல்லை. அதுவரை கட்டப்பட்டவை ஆற்றைத் திருப்பவும் பங்கிடவும் எழுந்தவையே. அவற்றைக் கட்டியவர்கள் வெள்ளத்தோடு போராடியதைவிட மணலோடு போராடியதே அதிகம்.

திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளைக்குக் கொள்ளிடம் என்று பெயர். வெள்ளத்தைக் கொள்ளும் இடம் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். தெற்குக் கிளை காவிரி என்ற பெயருடனேயே தொடர்கிறது. இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தீவு. தீவின் கிழக்கு முனையில் இரண்டு ஆறுகளும் மறுபடி நெருங்குகின்றன. கொள்ளிடத்தின் படுகை அங்கே தாழ்ந்திருப்பதால், தடுப்பாரில்லாவிட்டால் காவிரி நீர் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்துக்குள் சரிந்து, வயல்களுக்குப் பயன்படாமல் கடலுக்குப் போய்விடும். அந்தச் சரிவை மறித்து நிற்பது கல்லணை.

இதைக் கட்டியவன் கரிகால் சோழன் என்பது மரபு. காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. அவன் காடழித்து நாடாக்கியதையும் குளம் வெட்டியதையும் பட்டினப்பாலை பேசுகிறது; காவிரிக்குக் கரை எடுத்த செய்தி மாலேப்பாடு, திருவாலங்காடு ஆகிய பிற்காலச் செப்பேடுகளில் வருகிறது. அணையின் நீளம் 1,080 அடி, அகலம் 40 முதல் 60 அடி, உயரம் 15 முதல் 18 அடி. நேர்கோடாக இல்லாமல் வளைந்து கிடக்கும் அமைப்பு. ஆற்று மணலுக்கு அடியில் பாறை கிடைக்காத இடம் அது. பெரும் பாறைகளை மணலில் போட்டார்கள்; அவை புதைந்தன. புதைந்தவற்றின் மேல் மேலும் பாறைகளைப் போட்டு, இடையில் களிமண்ணைப் பூசி, இனி இறங்காது என்ற நிலை வரும்வரை அடுக்கிக்கொண்டே போனார்கள். கடைக்காலுக்குப் பாறை தேடாமல் மணலையே கடைக்காலாக்கிய துணிச்சல்தான் கல்லணையின் பெருமை. அதன் வயது அதற்கு அடுத்தபடிதான்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைக்கு வரும் நீர் குறைந்துகொண்டே போனது. காவிரியின் படுகையில் மணல் படிந்து மேடேற, கொள்ளிடம் மேலும் மேலும் நீரை இழுத்துக்கொண்டது. 1804இல் ஆற்றை ஆராய வந்த கேப்டன் கால்டுவெல், கல்லணையை உயர்த்துவதே வழி என்றார். கற்களை வைத்து உயர்த்தினார்கள். நோய் தீரவில்லை, மணல் வெளியேற அணையில் வழி இல்லை. அடுத்த தலைமுறையில் வந்த ஆர்தர் காட்டன்தான் சிக்கலின் வேரைக் கண்டவர். கல்லணையில் மணல்போக்கி மதகுகளைத் திறந்தார். பிறகு, ஆறு பிரிகிற முக்கொம்பிலேயே கொள்ளிடத்தின் தலைப்பை மறித்து 1836இல் மேலணையைக் கட்டினார். அதே காலத்தில் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் அணைக்கரையில் கீழணை எழுந்தது. வீராணம் ஏரிக்கு வடவாறு வழியாக இன்றும் நீர் தருவது இந்தக் கீழணைதான்.

ஆழம் காண முடியாத மணலில் கடைக்கால் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டிய பெயர் தெரியாத மனிதர்களிடம் கற்றதாகக் காட்டனே எழுதியிருக்கிறார். அந்தப் பாடத்தைக் கொண்டே கோதாவரியில் தவளேஸ்வரம் அணையை அவர் கட்டினார். அணைக்கட்டு என்ற நம் சொல்தான் 'அனிகட்' என்று ஆங்கிலத்துக்குள் போனது.

தேக்கும் காலம் மைசூரில் தொடங்கியது. கண்ணம்பாடியில் கிருஷ்ணராஜசாகர் அணை வேலை 1911இல் தொடங்கியது. அப்போது மைசூரின் தலைமைப் பொறியாளர் விசுவேசுவரய்யா. மேலே தேக்கினால் கீழே குறையும் என்று சென்னை மாகாணம் எதிர்த்தது. 1914இல் நடுவர் கிரிஃபின் அளித்த தீர்ப்பு, அதற்கு மேல்முறையீடு, நெடிய பேச்சு என இழுத்து, 1924 பிப்ரவரி 18இல் இரு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. கண்ணம்பாடிக்கு 44.8 டி.எம்.சி., மேட்டூருக்கு 93.5 டி.எம்.சி. என்பது கணக்கு. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அதே ஆண்டு ஜூலையில் வந்த பெருவெள்ளம், காவிரிக்கு மேலே ஒரு தேக்கம் எவ்வளவு தேவை என்பதை டெல்டாவுக்குக் கரை உடைத்துக் காட்டியது.

மேட்டூர் அணை வேலை 1925 ஜூலை 20இல் தொடங்கியது; அணை 1934 ஆகஸ்ட் 21இல் ஆளுநர் ஸ்டான்லியால் திறந்துவைக்கப்பட்டது. திட்டத்தை வகுத்தவர் கர்னல் எல்லிஸ், செலவு 4.80 கோடி ரூபாய். நீளம் 5,300 அடி, முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மிகுதி நீர் வெளியேறும் இடத்தை ஊர்க்காரர்கள் பதினாறு கண் மதகு என்பார்கள். நீர்த்தேக்கத்துக்குள் பல ஊர்கள் மூழ்கின. நீர்மட்டம் மிகவும் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் வரும். கடைமடைக்காரருக்கு அது துயரச் செய்தி.

பாசனத்துக்கு மேட்டூர் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. திறக்கும் நாள், குடகிலும் வயநாட்டிலும் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் நேரம். அப்போது நாற்றுவிட்டால்தான் ஐப்பசி மழைக்கு முன் குறுவையை அறுத்து வீடு சேர்க்க முடியும். திறந்த நீர் மூன்று, நான்கு நாளில் கல்லணை வந்து சேரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்காகும். வெள்ளமானால் கொள்ளிடத்துக்கும் போகும். மேட்டூரோடு சேர்த்து வெட்டப்பட்ட அந்தக் கால்வாயைத் தஞ்சைப் பக்கம் புதாறு என்பார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை மேட்டு நிலங்கள் காவிரியைக் கண்டது அதன் பிறகுதான்.

விடுதலைக்குப் பின் துணையாறுகளின் முறை வந்தது. பவானிசாகர் 1955இலும் அமராவதி 1957இலும் முடிந்தன. கர்நாடகத்தில் கபினி, ஹேமாவதி, ஹாரங்கி எழுந்தன. தேக்கங்கள் பெருகப் பெருக வழக்கும் பெருகியது. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் தமிழ்நாட்டின் பங்கு 419 டி.எம்.சி. என்று அது தீர்ப்பளித்தது. கர்நாடகம் திறக்க வேண்டிய 192 டி.எம்.சி.யை 2018இல் உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. 2012 முதல் 2019 வரை எட்டு ஆண்டுகளும் ஜூன் 12இல் மேட்டூரைத் திறக்க முடியவில்லை.

நீர்க் கணக்கு எல்லோருக்கும் தெரிகிறது. மணல் கணக்கை யாரும் கேட்பதில்லை. வயலுக்கு வரவேண்டிய வண்டல் மேட்டூரில் தங்கிவிடுகிறது. கட்டி முடித்து 83 ஆண்டு கழித்து, 2017இல்தான் அங்கே முதன்முறையாகத் தூர்வாரும் பணி தொடங்கியது. கீழே கொள்ளிடத்திலோ மேலிருந்து புது மணல் வருவது குறைந்த நிலையில், இருந்த மணலையும் லாரி லாரியாக அள்ளினார்கள். படுகை இறங்கியது. 2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்தபோது திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலம் சரிந்தது. அதே மாதம் 22ஆம் தேதி இரவு, முக்கொம்பு மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. காட்டன் கட்டி 182 ஆண்டு ஆகியிருந்தது. அதனருகே புதிய கதவணை கட்டியாயிற்று. அதற்கும் கடைக்கால் அதே ஆற்றுப் படுகையில்தான்; முக்கொம்பு முதல் அணைக்கரை வரை கொள்ளிடத்தில் இனி ஒரு வண்டி மணலும் அள்ள விடக் கூடாது.