எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆட்டங்களில் பதுங்கலும் மந்திரமும்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்பது அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கும் பெதஸ்டா நிறுவனம் 1994 முதல் வெளியிட்டுவரும் வீடியோ கேம் வரிசை. டாம்ரியல் என்ற கற்பனைக் கண்டத்தில் கதை நடக்கிறது. வாளோடு மோதலாம், பதுங்கிச் சென்று காரியத்தை முடிக்கலாம், மந்திரத்தால் வெல்லலாம். இந்த மூன்றில் பின்னிரண்டின் விதிகள் ஆட்டத்துக்கு ஆட்டம் பெரிதும் மாறியுள்ளன.

முதல் ஆட்டமான அரீனாவிலேயே (1994) மந்திரவாதிகள் சங்கத்தில் காசு கொடுத்துச் சொந்தமாக மந்திரம் வடிவமைக்க முடிந்தது. பாதாளச் சிறையின் சுவரையே இல்லாமலாக்கும் ‘பாஸ்வால்’ என்ற மந்திரமும் அதில் இருந்தது. டாகர்ஃபால் (1996) பதுங்கல், பூட்டுத் திறத்தல், ஜேப்படி, முதுகில் குத்துதல், சுவரேறுதல் ஆகியவற்றைத் தனித்தனித் திறன்களாகப் பிரித்தது. எந்தத் திறனைப் பயன்படுத்துகிறோமோ அதுவே வளரும் என்ற முறை அதில் தொடங்கியது.

மோரோவிண்ட் (2002) இவ்வரலாற்றின் செழிப்பான காலம். வார்டன்ஃபெல் என்ற எரிமலைத் தீவில் நடக்கும் இந்த ஆட்டத்தில் ஆறு மந்திரப் பிரிவுகள் உண்டு. மந்திரம் பலிப்பது திறனை மட்டும் பொறுத்ததல்ல. ஓடிக் களைத்தவருக்கு அது தவறிப்போகும், செலவழித்த மேஜிக்கா ஆற்றலும் திரும்பி வராது. தானாக ஊறாத அந்த ஆற்றலை உறங்கியோ மருந்து குடித்தோதான் மீட்க வேண்டும். இந்தக் கடுமைக்கு ஈடாகக் கிடைத்த சுதந்திரம் பெரிது. ஓர் இடத்தைக் குறித்துவைத்து நினைத்தபோது அங்கே திரும்பலாம், நீரின் மேல் நடக்கலாம், வானில் மிதக்கலாம். டெல்வானி குலத்து மந்திரவாதிகள் பிரம்மாண்டக் காளான்களுக்குள் குடியிருக்கிறார்கள். அவர்கள் கோபுரங்களில் மேல்தளத்துக்குப் படிக்கட்டே கிடையாது. மிதக்கத் தெரியாதவரைச் சந்திக்க அவர்களுக்கு விருப்பமில்லை என்பதைக் கட்டடமே சொல்லிவிடுகிறது. ஆட்ட விதியும் கதையுலகும் இப்படி ஒன்றோடொன்று பிணைந்த இடங்கள் இவ்வரிசையில் அதிகமில்லை.

இதே ஆட்டத்தின் தொடக்க ஊரான செய்டா நீனைத் தாண்டி நடப்பவர் முன் டார்ஹியல் என்ற மந்திரவாதி அலறிக்கொண்டே வானிலிருந்து விழுந்து இறக்கிறான். அவனிடம் மூன்று சுருள்கள் இருக்கும். ஒன்றைப் படித்தால் குதிக்கும் திறன் ஏழு விநாடிகளுக்கு 1000 புள்ளிகள் கூடுகிறது. ஒரே தாவலில் பாதித் தீவைக் கடந்துவிடலாம். ஆனால் தரையைத் தொடும்முன் மந்திரம் தீர்ந்துவிடுவதால், இறங்கும் நேரத்தில் இன்னொரு சுருளைப் படிக்காதவருக்கும் டார்ஹியலின் கதிதான். எச்சரிக்கைப் பலகை எதுவும் வைக்காமல் மந்திரத்தின் இலக்கணத்தைக் கற்பித்த அருமையான காட்சி இது.

பதுங்கல் அந்த அளவுக்கு வளரவில்லை. தூரம், பதுங்கும் திறன், காலணியின் எடை, எதிராளி முகம் திருப்பியிருக்கும் திசை ஆகியவை கணக்கில் வந்தன. வெளிச்சமும் இருளும் வரவில்லை.

ஆப்லிவியன் (2006) பதுங்கலுக்குப் புது உயிர் கொடுத்தது. நாம் பிறர் கண்ணில் பட்டுவிட்டோமா என்பதைத் திரை நடுவில் ஒரு கண் சின்னம் காட்டியது. ஒளிந்தாடும் விளையாட்டுகளுக்குப் பேர்போன ‘தீஃப்’ வரிசையின் இரண்டாம் பாகத்தில் பணியாற்றிய எமில் பாக்லியாருலோ, ஆப்லிவியனில் கொலைகாரர் சங்கமான டார்க் பிரதர்ஹுட்டின் கதைப்பகுதியை வடிவமைத்தார். பதுங்கல் மேம்பட்டதில் தீஃபின் சாயலைக் காண்போர் உண்டு. அந்தத் தாக்கம் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபடுகிறது. மறுபக்கம், தலா 20 விழுக்காடு உருமறைப்பு ஏற்றிய ஐந்து பொருள்களை அணிந்தால் எவரும் நம்மைக் காணவே முடியாது. அதன்பின் பதுங்கவேண்டிய தேவையே எழாது.

மிதக்கும் மந்திரம் இந்த ஆட்டத்தோடு மறைந்தது. நகரங்கள் தனிப் பகுதிகளாக ஏற்றப்படுவதால், மதிலுக்கு மேலே மிதந்து செல்பவருக்கு உள்ளே உண்மையான நகரம் இருக்காது என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். கதைக்குள் தரப்படும் விளக்கம் வேறு: மிதத்தலைச் சட்டம் தடைசெய்துவிட்டதாம். மோரோவிண்டின் டிரைபியூனல் விரிவாக்கத்திலேயே மோர்ன்ஹோல்ட் நகரில் மிதக்க முடியாது என்பதால், மாற்றம் அங்கேயே தொடங்கியது எனலாம்.

ஸ்கைரிம் (2011) மிஸ்டிசிசம் என்ற பிரிவை நீக்கி மந்திரங்களை ஐந்து பிரிவுகளுக்குள் அடக்கியது. மந்திரம் வடிவமைக்கும் வசதியையும் கைவிட்டது. இரு கைகளிலும் ஒரே மந்திரத்தை ஏந்தி வீசும் முறை புதிதாக வந்தது. உரிய சிறப்புத் திறன்களைப் பெற்றுப் பதுங்கித் தாக்கினால் குறுவாளின் காயம் 15 மடங்காகும். டார்க் பிரதர்ஹுட்டின் கையுறையும் சேர்ந்தால் 30 மடங்கு. வில்லுக்கு மூன்று மடங்குதான். ஆனாலும் தொலைவிலிருந்து எய்யலாம் என்பதால், எந்தப் பாத்திரமாகத் தொடங்கினாலும் கடைசியில் பதுங்கி வில்லெய்பவராகவே முடிப்பது ஆடுவோர் பலரின் அனுபவமாயிற்று. இதை வடிவமைப்பின் குறை என்பாரும் உண்டு, வெற்றி என்பாரும் உண்டு. கடைக்காரர் தலையில் வாளியைக் கவிழ்த்துவிட்டு அவர் கண்ணெதிரே திருடும் உத்தியும் இந்த ஆட்டத்தில்தான் புகழ்பெற்றது. பார்வைக்கோடு மறைந்தால் சாட்சி இல்லை என்ற விதி அங்கே நேர்மையாகச் செயல்படுகிறது.

பலர் இணைந்து ஆடும் எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் 2014இல் வந்தது. ஆறாம் பாகம் 2018இல் அறிவிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் வெளியான ஆப்லிவியன் மறுஆக்கத்தில், ஆர்கேன் பல்கலைக்கழகத்தின் மந்திரம் வடிவமைக்கும் பீடம் மீண்டும் ஆடுவோருக்குக் கிடைத்தது.