நேதாஜியை ஏற்றிவந்த நீர்மூழ்கி என்ன ஆனது?



எட்டாம் வகுப்பில் நேதாஜி பாடம் வரும்போது, "ஜெர்மனியிலிருந்து நீர்மூழ்கிக் கப்பலில் கிழக்கே வந்தார்" என்று ஒரே வரியில் கடந்துவிடுவேன். ஒருநாள் கடைசி பெஞ்சுப் பையன் எழுந்து, "அந்தக் கப்பல் அப்புறம் என்ன ஆச்சு சார்?" என்றான். எனக்குத் தெரியாது. அதை ஒத்துக்கொள்ளாமல், "பரீட்சைக்கு வராது, உட்காரு" என்றேன். இருபது வருடம் கழித்து அவனுக்குப் பதில் எழுதுகிறேன்.

அதன் பெயர் யு-180. பிரேமன் நகரில் கட்டப்பட்டு, 1942 மே மாதம் ஜெர்மன் கடற்படையில் சேர்ந்தது. வேகத்துக்காக ஆறு டீசல் இன்ஜின்கள் வைத்தார்கள். வேகம் வந்தது, கூடவே புகையும் வந்தது. நம் வயல்களில் பழைய ஆயில் இன்ஜின் கக்குமே, அப்படி. ஒளிந்து போகவேண்டிய கப்பலுக்கு இதைவிட என்ன கேடு வேண்டும்!

1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்தில் நேதாஜியும் ஆபித் ஹசனும் ஏறினார்கள். கப்பல் தலைவர் வெர்னர் முசன்பெர்க். ஆப்பிரிக்காவைச் சுற்றி இரண்டரை மாதப் பயணம். ஏப்ரல் 18 அன்று கோர்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை யு-180 தாக்கி மூழ்கடித்தது. அப்போது நேதாஜி உள்ளேதான் இருந்தார். நான் நடத்திய பாடத்தில் இது கிடையாது.

ஏப்ரல் கடைசியில் மடகாஸ்கர் அருகே ஜப்பானின் ஐ-29 நீர்மூழ்கி வந்து சேர்ந்தது. கொந்தளிக்கும் கடலில், பரிசல் மாதிரி ஒரு ரப்பர் படகில் இருவரும் மாறினார்கள். பதிலுக்கு இரண்டு ஜப்பானிய அதிகாரிகளும் சுமார் 2 டன் தங்கமும் ஜெர்மன் கப்பலுக்குப் போயின. ஜெர்மானியருக்கு இது சரக்குப் பரிமாற்றமும்தான்.

மே மாதம் சுமத்ரா பக்கம் சபாங்கில் இறங்கிய நேதாஜி, ஜூலையில் சிங்கப்பூரில் தலைமை ஏற்றார். அவர் பின்னால் திரண்டவர்களில் மலேயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப்போன எங்கள் பெரிய தாத்தாவும் அதில் ஒருவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் திரும்பவில்லை.

யு-180 அந்த ஜூலையிலேயே பிரான்சின் போர்தோ துறைமுகம் சேர்ந்தது. புகை இன்ஜின்களை மாற்றி, டார்பிடோக் குழாய்களைக் கழற்றி, சரக்குக் கப்பலாக்கினார்கள். 1944 ஆகஸ்ட் 20 அன்று மறுபடி கிழக்கே புறப்பட்டது. சில நாளிலேயே பிஸ்கே விரிகுடாவில் 56 பேரோடு காணாமல் போனது. கண்ணிவெடியில் சிக்கியிருக்கலாம் என்கிறார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ஐ-29ஐயும் பிலிப்பைன்ஸ் அருகே அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்திருந்தது.

கேள்வி கேட்டவன் இப்போது எங்கே இருக்கிறானோ. அந்த வகுப்பில் உடன் படித்தவர்கள் யாராவது இதை அவனுக்கு அனுப்பிவிடுங்கள்.